நீர்த்தாரைக் குளிர்விப்பும் கொதித்தலின் எல்லையும்

சூடேறிய பரப்பின்மீது நீரைத் தாரையாகப் பாய்ச்சி வெப்பத்தை அகற்றும் முறை நீர்த்தாரைக் குளிர்விப்பு எனப்படுகிறது. எஃகு உருட்டாலைகளில் இது அன்றாடப் பணி. இம்முறையின் வலிமை நீர் ஆவியாவதில் உள்ளது. 1 கிலோகிராம் நீரை 30 பாகை செல்சியசிலிருந்து 100 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 293 கிலோசூல் போதும். அதே நீர் முழுவதும் ஆவியாக மேலும் 2257 கிலோசூல் தேவை. ஆகவே கொதிக்கும் நீர் மிகச் சிறந்த குளிர்விப்பி ஆகும். ஆனால் பரப்பு சூடேறச் சூடேற நீர் மேலும் மேலும் வெப்பத்தை எடுத்துக்கொண்டே போகும் என்று கருதுவது தவறு. ஓர் எல்லையைத் தாண்டியதும் நீர் தன் ஆவியாலேயே பரப்பைத் தொடமுடியாதபடி தடுக்கப்படுகிறது. அந்த எல்லைக்கு மாறுநிலை வெப்பப் பாயம் என்று பெயர்.

இரும்புக் கரண்டியில் ஒரு துளி

நன்கு காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த நீர் உடனே வற்றாமல் முத்துமுத்தாக உருண்டோடுவதைப் பலரும் கண்டிருப்பர். 1732இல் எர்மன் போர்காவ் இத்தகைய நிகழ்வைக் குறிப்பிட்டார். ஆயினும் அதை முறையாக ஆராய்ந்தவர் செருமனியின் டூயிசுபர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் யோகான் காட்லாப் லைடன்புராசுட்டு (1715–1794). பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் அவர் ஒரு துளி நீரை விட்டார். அது 30 விநாடிகளுக்கும் மேல் நிலைத்து நின்றது. கரண்டி சற்று ஆறிய பின்னர் விடப்பட்ட துளிகளோ மிக விரைவில் மறைந்தன. சூடு குறையும்போது நீர் விரைவாக ஆவியாகிறது என்ற இந்த விந்தையை அவர் 1756இல் இலத்தீனில் எழுதிய நூலில் பதிவு செய்தார். துளிக்கும் இரும்புக்கும் இடையே மெல்லிய ஆவிப்படலம் உருவாகி, வெப்பம் எளிதில் கடக்காதபடி தடுப்பதே இதற்குக் காரணம். இந்நிலை இன்று படலக் கொதிப்பு எனப்படுகிறது.

நுகியாமாவின் கம்பி

இதன் அளவீடு கிடைக்க 178 ஆண்டுகள் ஆயின. சப்பானின் செண்டாய் நகரிலுள்ள தோகோகு பல்கலைக்கழகத்தில் சிரோ நுகியாமா (1896–1983) ஒரு மெல்லிய கம்பியை நீரில் அமிழ்த்தி, அதில் மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தினார். கம்பியின் மின்தடையைக் கொண்டே அதன் வெப்பநிலையைக் கணக்கிட்டார். தொடக்கத்தில் கம்பியெங்கும் குமிழ்கள் எழுந்தன. இது குமிழ்க் கொதிப்பு. இந்நிலையில் கம்பி நீரின் கொதிநிலையைவிடச் சில பத்துப் பாகைகளே கூடுதலாக இருந்தபோதும் பெருமளவு வெப்பம் நீருக்குச் சென்றது. பிறகு மின்னோட்டத்தைச் சற்றே கூட்டியதும் கம்பியின் வெப்பநிலை ஒரே தாவலில் ஆயிரம் பாகை அளவுக்குப் பாய்ந்தது. நிக்ரோம் கம்பி நீருக்குள்ளேயே உருகி அறுந்தது. உருகுநிலை அதிகமான பிளாட்டினக் கம்பி மட்டும் தாக்குப்பிடித்தது.

மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டு வந்தபோது கம்பி ஏறிய வழியே இறங்கவில்லை. மிகக் குறைந்த வெப்பப் பாயத்தை அடைந்த பின்னரே படலம் உடைந்து, கம்பி மீண்டும் குமிழ்க் கொதிப்புக்குத் திரும்பியது. இவ்விரு எல்லைகளுக்கும் இடையே, அளக்க இயலாத ஒரு பகுதி இருக்க வேண்டும் என்று நுகியாமா 1934இல் எழுதினார். 1937இல் துரூ, முல்லர் ஆகியோர் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் முறையால் அப்பகுதியைக் காட்டினர். சப்பானிய மொழியில் இருந்த நுகியாமாவின் கட்டுரை 1966இல்தான் ஆங்கிலத்தில் வெளியானது. கொதிப்பு வளைகோடு என்று இன்று பொறியியல் மாணவர்கள் வரையும் படத்தின் மூலம் அதுவே.

மாணவர்கள் இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். கரண்டியிலும் எஃகுத் தகட்டிலும் இருப்பது ஏற்கெனவே சேமிக்கப்பட்ட வெப்பம். எல்லை மீறினால் குளிர்தல் தாமதமாகும், அவ்வளவே. கம்பிக்கோ வெப்பம் இடைவிடாமல் வந்துகொண்டிருக்கிறது. அணு உலையின் எரிபொருள் தண்டும் அத்தகையதே. எல்லையைத் தாண்டினால் அதன் சிர்க்கோனிய உறை மிகையாகச் சூடேறி, நீராவியுடன் வினைபுரிந்து ஐதரசனை வெளியிடும். எனவேதான் அணு உலைகள் இந்த எல்லைக்கு வெகுவாகக் கீழேயே இயங்கும்படி வடிவமைக்கப்படுகின்றன.

கோட்பாடும் தாரையும்

சோவியத் அறிஞர் குத்தத்தெலாட்சே 1948இலும், அமெரிக்காவில் நோவாக் சூபர் 1959இலும் இந்த எல்லைக்குச் சமன்பாடு தந்தனர். மேலெழும் ஆவியும் கீழிறங்கும் நீரும் ஒரே வழியில் மோதிக்கொள்வதால் நீர் வரத்து தடைபடுகிறது என்பது சூபரின் விளக்கம். வளிமண்டல அழுத்தத்தில் தேங்கிய நீருக்கு இந்த எல்லை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1 மெகாவாட்டு ஆகும். 1000 வாட்டு நீர்சூடேற்றிகள் ஆயிரத்தை ஒரு சதுர மீட்டரில் அடுக்கியதற்கு இது சமம்.

தாரை இந்த எல்லையைப் பல மடங்கு உயர்த்துகிறது. புதிய நீர் விசையுடன் பரப்பை வந்தடைவதே காரணம். 1978இல் சப்பானின் மொண்டே, காட்டோ ஆகியோர் கொதிநிலையிலுள்ள நீர்த்தாரையைக் கொண்டு செய்த ஆய்வு இத்துறையில் அடிப்படையானது. தாரை விழுந்ததும் நீர் மெல்லிய படலமாகச் சுற்றிலும் பரவுகிறது. அதனுள் பீறிடும் ஆவி நீரில் பெரும்பகுதியைத் துளிகளாகச் சிதறடித்துவிடுகிறது. எஞ்சிய நீர் விளிம்பை எட்டுமுன் தீர்ந்துபோனால் பரப்பு அங்கே வறள்கிறது. அவர்களது ஆய்வின்படி இந்த எல்லை தாரை வேகத்தின் கனமூலத்தை ஒட்டி உயர்கிறது. அதாவது எல்லையை இரட்டிப்பாக்க வேகத்தை எட்டு மடங்காக்க வேண்டும்! எக்கியின் திறனைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவோருக்கு இது கசப்பான கணக்கு.

இயற்கை விதிக்கும் இறுதி எல்லை எது? 1989இல் கேம்பில், லீன்ஆர்டு ஆகியோர், ஆவி மூலக்கூறுகள் பரப்பைவிட்டு வெளியேறக்கூடிய உச்ச வேகத்தைக் கொண்டு அதைக் கணித்தனர். வளிமண்டல அழுத்தத்தில் நீருக்கு அது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 220 மெகாவாட்டு. சோதனைகளில் எட்டப்பட்ட உச்ச அளவுகள் கோட்பாட்டு எல்லையில் பத்தில் ஒரு பங்கு அளவிலேயே இருந்தன.

எஃகு ஆலையில்

உருளைகளிலிருந்து செஞ்சூட்டில் வெளிவரும் எஃகைக் குளிர்விக்கும் வேகமே அதன் உறுதியை முடிவு செய்கிறது. தாரை விழும் இடத்தில் முதலில் ஒரு கரிய திட்டு தோன்றிப் பரவும். நீர் உண்மையில் தொடும் பகுதி அதுதான். சுற்றிலும் படலக் கொதிப்பே நீடிக்கும். படலம் ஓரிடத்தில் முன்னும் மற்றோரிடத்தில் பின்னும் உடைவதால் தகடு சீரின்றிக் குளிர்ந்து வளைந்துவிடுகிறது. சப்பானின் புக்குயாமா ஆலையில் என்.கே.கே. நிறுவனம் 1980இல் விரைவுக் குளிர்விப்பு முறையைத் தொழிலளவில் நிறுவியது. அதே ஆலையில் 1998இல் வந்த மேம்பட்ட அமைப்பு, தகட்டின் பரப்பு முழுவதும் தொடக்கத்திலிருந்தே குமிழ்க் கொதிப்பு நிலவுமாறு நீரோட்டத்தை அமைத்து, படலக் கொதிப்பையே தவிர்த்தது.