தள்ளி எடுத்த சீட்டு

ஒரகடத்தில் ஆலை ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்பவரிடம் ‘சீட்டு கட்டியாச்சா?’ என்றால் அது மாதத் தவணையைப் பற்றிய விசாரிப்பு. ‘சீட்டைக் கிழிச்சுட்டாங்க’ என்று பதில் வந்தால் வேலையே போய்விட்டது என்று பொருள்.

சீட்டு என்பது எழுதிய துண்டு, அவ்வளவுதான். புலவர்கள் புரவலருக்குப் பாட்டாகவே எழுதி அனுப்பிய கடிதத்துக்குச் சீட்டுக்கவி என்று பெயர். பயணச்சீட்டு, வாக்குச்சீட்டு, மருந்துச்சீட்டு எல்லாம் அந்த வழியில் வந்தவை. மாதாமாதம் கட்டிச் சேரும் பணம் இந்த மாதம் யாருக்கு என்று பார்க்க, பத்துப் பேர் பெயரை எழுதிச் சுருட்டி, சொம்பில் போட்டுக் குலுக்கி, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொன்னால் குலுக்கல் சீட்டு. துண்டின் பெயர் பணத்துக்கு ஏறியது இந்தச் சொம்பிலிருந்துதான் என்பது என் ஊகம். மலையாளத்தில் இந்தப் பணச் சீட்டுக்குக் ‘குறி’ என்று பெயர். அதற்கும் எழுதிய துண்டு என்ற பொருள் உண்டு. ஆங்கிலேயர் இந்தியின் ‘சிட்டி’யைச் சுருக்கி ‘சிட்’ ஆக்கினார்கள். 1982ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் இதை வரையறுக்கும்போது சிட், சிட் ஃபண்ட், சிட்டி, குறி என அடுக்கி, ‘வேறு எந்தப் பெயரில் அழைத்தாலும்’ என்றும் சேர்த்துக்கொண்டது. ஊருக்கு ஒரு பெயர் என்றால் சட்டம்தான் என்ன செய்யும்?

பெயர்ச்சொல்லைவிட இதன் வினைச்சொற்கள்தான் எனக்குப் பிடித்தவை. சீட்டைக் ‘கட்டுகிறோம்’, ‘பிடிக்கிறோம்’, ‘எடுக்கிறோம்’. ஏலச்சீட்டில் ‘தள்ளி’ எடுக்கிறோம். இருபது பேர், மாதம் 5,000, மொத்தம் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மாதமே தங்கை கல்யாணத்துக்குப் பணம் வேண்டும் ஒருவருக்கு. 20,000 தள்ளுகிறார், கையில் கிடைப்பது 80,000. தள்ளிய தொகையில் சீட்டு பிடிப்பவரின் கமிஷன் 5,000 போக, மீதி 15,000 இருபது பேருக்கும் ஆளுக்கு 750 ஆகப் பிரியும். அந்த மாதம் எல்லோரும் 4,250 கட்டினால் போதும். இந்தக் கழிவைச் சிலர் ‘கசர்’ என்பார்கள். குறை என்று பொருள்படும் உருதுச் சொல்.

சட்டமோ இந்த 750க்கு ‘டிவிடெண்ட்’ என்று பெயர் வைத்திருந்தது. ஏதோ கம்பெனி லாபம் ஈட்டிப் பங்கு கொடுப்பது போல! 2019 திருத்தத்தில்தான் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘கழிவில் பங்கு’ என்ற பொருளில் மாற்றினார்கள். கமிஷன் உச்சவரம்பும் அப்போதுதான் 5 சதவீதத்திலிருந்து 7 ஆனது. தமிழ்ப் பேச்சு முதலிலிருந்தே சரியாகச் சொன்னது. உங்களுக்கு மிச்சமாகும் 750, அவசரக்காரர் தள்ளிவிட்ட பணம். வட்டி என்ற சொல் எங்கும் வராமலே வட்டிக் கணக்கு முடிந்துவிடுகிறது. முன்னால் எடுப்பவர் கடன்காரர், கடைசியில் எடுப்பவர் சேமிப்பாளர். இரண்டையும் ஒரே நோட்டில் எழுதுவதால் யார் எது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

நகைச்சீட்டில் குலுக்கலும் இல்லை, ஏலமும் இல்லை; கடைக்குக் கொடுக்கும் முன்பணம் அது. ஓராண்டைத் தாண்டினால் அது வைப்புத்தொகை ஆகிவிடும் என்று 2014இல் விதி வந்ததால்தான் பல கடைகள் பதினொரு தவணையோடு நிறுத்திக்கொள்கின்றன. அதையும் சீட்டு என்றே அழைக்கிறோம். தீபாவளிச் சீட்டுக்கும் இதே கதைதான்.

வேலையே போனால் கட்டிவரும் சீட்டு என்ன ஆகும்? ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பர் 1இல் நின்றது. அப்படிச் சம்பளம் நிற்கும்போது எடுக்காத சீட்டுக்காரர் பாடு பரவாயில்லை. அவர் இடத்தில் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்ள வழியுண்டு. தள்ளி எடுத்தவர் தவணை தவறினால், மீதித் தவணை முழுவதையும் ஒரே தடவையில் கேட்கச் சட்டமே இடம் தருகிறது. அவர் கொடுக்க முடியாவிட்டால் ஜாமீன் போட்ட நண்பர் கொடுக்க வேண்டும். அதனால்தான் தொழிலாளர் விடுதிப் பக்கம் சீட்டு பிடிக்கும் அக்கா, எவ்வளவு சம்பளம் என்று கேட்பதற்கு முன்பே கேட்டுவிடுகிறார்: “பர்மனென்டா, கான்ட்ராக்டா?”