கூடலூர்: அடங்கலில் இல்லாத பேர்கள்

நீலகிரி வரலாறு என்று அச்சில் வந்ததில் பெரும்பகுதி துரைமார் வரலாறு. 1819-ல் சல்லிவன் மலையேறியது, ஊட்டி ஏரி, கோடைக்காலத் தலைநகரம் என்று போகும். ஊட்டியிலிருந்து மைசூர் ரோட்டில் இறங்கினால் வரும் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் அதில் ஓரத்தில்தான் கிடக்கும். நான் அந்த ஓரத்து ஆள். சிலோனிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. இந்த மண்ணை யார் யார் பேரில் எழுதினார்கள் என்பதே இங்கே என் கேள்வி.

முதலில் எல்லை. கூடலூருக்கு மேற்கே வயநாடு. நாடுகாணி இறங்கினால் நிலம்பூர். கக்கநல்லா தாண்டினால் கர்நாடகத்தின் பந்திப்பூர். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே, கூடலூர் ஏறத்தாழ 1,000 மீட்டரில். நிலத்தின் அமைப்பைப் பார்த்தால் இது வயநாட்டின் தொடர்ச்சி. 1877 வரை மலபார் ஜில்லாவில்தான் இருந்தது. அந்த ஆண்டு நம்பாலக்கோடு, முனநாடு, சேரங்கோடு என்ற மூன்று அம்சங்களைப் பிரித்து நீலகிரியோடு சேர்த்தார்கள். காப்பித் தோட்டங்கள் பெருகிய காலம் அது. சில ஆண்டுகளில் தேவாலா, பந்தலூருக்குத் தங்கம் தேடி லண்டன் கம்பெனிகளும் வந்து கைசுட்டுக்கொண்டு போயின.

ஜில்லா மாறியது, ஜென்மி மாறவில்லை. நிலம் நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்மமாகவே இருந்தது. துரைமார் அவர்களிடம் குத்தகை எடுத்தார்கள். 1956 நவம்பர் 1-ல் மலபார் கேரளத்துக்குப் போனதும் ஜில்லா எல்லை மாநில எல்லை ஆனது. ஜென்மி அந்தப் பக்கம், மண் இந்தப் பக்கம்.

அந்த மண்ணில் ஏற்கெனவே இருந்தவர்கள் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், இருளர். பணியரை வயநாட்டு வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் வைத்து வருசக் கூலிக்குப் பேசி முடிப்பது வழக்கமாக இருந்தது. நெல்லு விளைவித்தவர்கள் அவர்கள். ஆனால் குடியானவன் என்று எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

1969-ல் தமிழக அரசு கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஏறத்தாழ 80,000 ஏக்கர் சம்பந்தப்பட்டது. தோட்டக் கம்பெனிகள் நீதிமன்றம் போயின. சட்டம் 1974 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் அதைச் சேர்த்ததை எதிர்த்த வழக்கில் 2007 ஜனவரி 11-ல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். கோயல்ஹோ வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்களே, அது கிளம்பியது எங்கள் மண்ணிலிருந்து. நாட்டின் வனக் கொள்கையையே மாற்றிய கோதவர்மன் திருமுல்பாடு வழக்கும் 1995-ல் கூடலூர்க் காட்டைப் பற்றித்தான் தொடங்கியது. வழக்குப் போட்டவர் நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்தவர்.

கம்பெனி வழக்காடியது, கோவிலகத்தார் வழக்காடினார், சர்க்கார் வழக்காடியது. மண்ணில் நின்றவன் எங்கே?

அந்தச் சட்டத்தில் பட்டா கேட்க, சட்டம் வருமுன்பே பயிரிட்டதைக் காட்ட வேண்டும். எழுத்தே பார்க்காத பணியர் எதைக் காட்டுவார்? தோட்டக் குத்தகை நிலங்களுக்கு 17-வது பிரிவு. பொதுநலன் என்று அரசு கருதினால் குத்தகையை முடிக்கலாம், முடிக்காதவரை குத்தகை தொடரும். இப்படி ஆயிரக்கணக்கான ஏக்கர் முடிவில்லாமல் தொங்கியது. அதில் குடிசை போட்டவர்களுக்குப் பட்டாவும் இல்லை, பல வருசம் மின் இணைப்பும் இல்லை. எங்கப்பா லைட்டுக்கு எழுதிக் கொடுத்தபோது ஓர் அலுவலகத்தில் சொன்ன பதில்: "இது செக்‌ஷன் பதினேழு, நீ இங்க இருக்கறதே கணக்குல இல்ல."

எங்கள் சனம் வந்த கதை வேறு. 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று தலையை எண்ணிப் பங்கு வைத்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளர், பறையர், சக்கிலியர். எங்களுக்கு வேலை கொடுக்கவென்று 1968-ல் அரசு தேயிலைத் தோட்டம் ஆரம்பித்தது, அதுதான் டான்டீ. கண்டிச் சீமையில் ஒரு நாள் வேலையை 'ஒரு பேர்' என்பார்கள். அம்மா இங்கேயும் அப்படியேதான் சொல்வாள்: "இன்னிக்கு அரைப் பேருதான் விழுந்துச்சு." செக்ரோலில் பேர் விழுந்தது, அடங்கலில் விழவில்லை. சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால், "சிலோன் பேப்பர்ல சாதி எங்க இருக்கு?" என்றார்கள். சேரியில் வைக்கும்போது மட்டும் யாரும் பேப்பர் கேட்டதில்லை.

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எங்களுக்குச் சோறு போட்ட தேயிலை, காட்டை வெட்டி நட்டது. அந்தக் காட்டை நம்பியிருந்தவர்கள் ஆதிவாசிகள். அவர்களிடமிருந்து எடுத்து எங்களை உட்கார வைத்தது அரசு. பிறகு இருவரையும் 'ஆக்கிரமிப்பு' என்ற ஒரே சொல்லால் அழைத்தது. 2022-ல் டான்டீ நிலத்தில் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க உத்தரவானது. ஓய்வுபெற்ற தொழிலாளி லயத்தைக் காலி செய்து எங்கே போவது என்ற கேள்வி அப்போது எழுந்தது.

ஆதிவாசிகள் சும்மா இருக்கவில்லை. 1988 டிசம்பர் 5-ல் ஆயிரக்கணக்கில் திரண்டு கூடலூர்த் தெருவில் நில உரிமை கேட்டு நடந்தார்கள். 2006 வன உரிமைச் சட்டத்துக்கு 18 வருசம் முன்பே நடந்தது இது.

1891-ல் இதே நீலகிரியில் அயோத்திதாசர் கூட்டிய மாநாடு, முனிசிபாலிட்டியிலும் கிராம சங்கத்திலும் நமக்கு இடம் கேட்டது. 2011 தேர்தலிலிருந்து கூடலூர் சட்டமன்றத் தொகுதி தனித்தொகுதி. நாற்காலி வந்துவிட்டது. ஆனால் வார்டு உறுப்பினர் ரோடு போடலாம், விளக்குப் போடலாம். நிலம் யாருடையது என்று எழுதும் பேனா வருவாய்த்துறையிடமும் வனத்துறையிடமும் இருக்கிறது.

ஆகவே நம் சங்கங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்றுண்டு. ஊர் ஊராக அடங்கலையும் செக்ரோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். எந்தப் பாடியில் யார் எந்த வருசம் வந்தார், எந்த வயல் எந்தப் பணியர் குடும்பம் திருத்தியது என்று நாமே எழுத வேண்டும். முதல் பேர் ஆதிவாசியுடையதாக இருக்கட்டும். அதற்கு அடுத்த வரியில் நம்முடையது. பட்டா கேட்டுப் போகும்போது இரண்டு பேரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டுப் போக வேண்டும்.