விசாரணையும் விசாரிப்பும்: தாய்சேய் நலப் பணியில் வீட்டு வருகை

ஒரு வீட்டில் களவு போனால் காவலர் வந்து விசாரிக்கிறார். அதே வீட்டில் பிள்ளை பிறந்தால் உற்றார் வந்து விசாரிக்கின்றனர். முன்னதை விசாரணை என்றும் பின்னதை நலம் விசாரிப்பு என்றும் வேறுபடுத்தி வழங்கினும், இரண்டுக்கும் வினைச்சொல் ஒன்றேயாக இருப்பது தமிழ் வழக்கின் விசேஷங்களுள் ஒன்று. பிரசவித்த தாயையும் பச்சிளங்குழந்தையையும் காண வீடு தேடிச் செல்லும் சுகாதாரச் செவிலியரின் தொழில், இவ்விரு பொருள்களுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய வரப்பின்மேல் நடப்பதாகும். அவர் கையில் சர்க்காரின் பதிவேடு இருக்கிறது. குழந்தையின் எடையையும் தடுப்பூசி போட்ட தேதியையும் தாயின் இரத்தச் சோகையையும் கேட்டெழுதும் அதிகாரம் இருக்கிறது. ஆயினும் அவர் கால் வைப்பது பிறர் வீட்டு வாசற்படியில். இப்பணியை, அறிவைச் சர்க்காரிடமிருந்து குடும்பத்துக்குக் கொண்டுசெல்லும் ஒரு சாதனமாகவே பொதுவாகக் கருதுகிறோம். குடும்பத்தினிடமிருந்து சர்க்காருக்கு வர வேண்டிய அறிவும் இதே வழியாகத்தான் வந்தாக வேண்டும் என்பதும், அவ்வாறு வந்த இடங்களிலேயே இப்பணி பயன் தந்தது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

இத்தொழிலின் வரலாற்றை இங்கிலாந்திலிருந்து தொடங்குவது மரபு. 1862-ல் மான்செஸ்டர், சால்போர்டு நகரங்களின் சீமாட்டிகள் அமைத்த சுகாதாரச் சீர்திருத்தச் சங்கம், உழைக்கும் வகுப்புப் பெண்களையே சம்பளத்துக்கு அமர்த்தி, ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பித் தூய்மையைப் போதிக்கச் செய்தது. போதித்தல் என்பதே அன்று நோக்கம். பின்னர் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்துக்கு ஆள் சேர்க்கும்போது உடல் தகுதியற்றவரென ஒதுக்கப்பட்டோரின் தொகை ஆட்சியாளரைத் திடுக்கிடச் செய்ய, 1904-ல் மக்களின் உடல்நலச் சீர்கேட்டை ஆராய்ந்த குழுவின் அறிக்கை வெளிவந்தது. சிசு மரணம் இராஜ்ய விஷயமாயிற்று. அக்காலத்தில் ஹடர்ஸ்ஃபீல்டு நகரத் தலைவராக இருந்த பெஞ்சமின் பிராட்பென்ட், தம் பதவிக் காலத்தில் லாங்வுட் பகுதியில் பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றும் ஓராண்டு நிறைவெய்தினால் ஒரு பவுன் தருவதாக வாக்களித்தார். அவ்வாக்குறுதியினும் முக்கியமானது, பிறப்பை 48 மணி நேரத்துக்குள் சுகாதார அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என்று அந்நகரம் பெற்ற சட்டம். அடுத்த ஆண்டே, 1907-ல், நாட்டின் பிற உள்ளாட்சிகளும் விரும்பினால் ஏற்றுக்கொள்ளத்தக்க பிறப்பு அறிவிப்புச் சட்டம் வந்தது. குழந்தை பிறந்த செய்தி தாமதமின்றிக் கிடைத்தாலன்றி வீட்டு வருகைக்குப் பொருளில்லை என்பதை ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்தார் உணர்ந்திருந்தனர்.

ஆயினும் இத்தொழிலின் உண்மையான பாடம் லண்டனின் லாம்பெத் பகுதியில் கற்கப்பட்டது என்பது என் அபிப்பிராயம். 1909 முதல் 1913 வரை, ஃபேபியன் என்னும் சோஷலிசச் சங்கத்தின் மகளிர் குழுவினர், வாரம் ஏறத்தாழ ஒரு பவுன் வருமானமுள்ள தொழிலாளர் குடும்பங்களில், பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஒரு சிறு தொகை கொடுத்து, வாரந்தோறும் தவறாமல் சென்று பார்த்தனர். வீட்டுச் செலவுக் கணக்கை எழுதி வைக்கும்படி தாய்மார்களை வேண்டினர். அந்த அனுபவத்தை அக்குழுவைச் சேர்ந்த மாட் பெம்பர் ரீவ்ஸ் 1913-ல் நூலாக்கினார். ஏழைத் தாய் அறியாமையால் குழந்தையை இழக்கிறாள் என்பதே அக்காலப் பிரபலமான கொள்கை. அதற்கு மருந்தாகச் சொல்லப்பட்டவற்றுள் ஒன்று ஓட்ஸ் கஞ்சி. மலிவானது, சத்துள்ளது, ஏன் சமைக்கக் கூடாது என்று கேட்கப்போன சீமாட்டிகளுக்குத் தாய்மார்கள் பொறுமையோடு விளக்கினர்: வீட்டில் இருப்பது ஒரே பாத்திரம், முதல் நாள் மீன் வெந்ததும் அதில்தான், அருகில் நின்று கிளறப் பொழுதில்லாமையால் கஞ்சி அடிபிடிக்கிறது, பாலும் சர்க்கரையும் வாங்க வழியில்லை, பாலின்றி, தீய்ந்து, மீன் வாடையோடு வரும் கஞ்சியைக் குழந்தை தொடாது. கேட்டவர்கள் அதைக் கேட்டதோடு நில்லாமல் எழுதியும் வைத்தனர் என்பதே அந்நூலின் பெருமை. வாடகையே வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொண்டுபோகும் கணக்கைத் தாய்மார்களின் கையெழுத்திலேயே கண்டபின், குறை எங்கே இருக்கிறது என்ற கேள்வியே திசை மாறிற்று. உபதேசிக்கச் சென்றவர்கள் சாட்சிகளாகத் திரும்பினர். வாரந்தோறும் போயிராவிட்டால் இது நிகழ்ந்திராது. முதல் வருகையில் எந்தத் தாயும் தன் ஒரே பாத்திரத்தைப் பற்றி அந்நியரிடம் பேசுவதில்லை.

நம் நாட்டில் இதற்கு ஒப்பாக நான் கருதுவது, 1980-ல் உலக வங்கியின் கடனுதவியுடன் தமிழகத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். அத்திட்டத்தில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகள் மாதந்தோறும் எடை போடப்பட்டனர். எல்லாக் குழந்தைகளுக்கும் எந்நாளும் உணவளிப்பது அதன் முறையன்று. எந்தக் குழந்தையின் எடை ஏற வேண்டிய அளவு ஏறவில்லையோ, அந்தக் குழந்தைக்கு மட்டும், எடை மீளும் வரை, பெரும்பாலும் மூன்று மாதம், சத்துருண்டை தரப்பட்டது. குழந்தை மெலிந்திருப்பது கண்ணுக்குத் தெரியும் முன்பே, எடைக்கோடு வரைபடத்தில் படுத்துவிடும். அப்படிப் படுத்த கோட்டைத் தாயிடம் காட்டி, போன மாதம் என்ன நேர்ந்தது என்று கேட்பதே பணியாளரின் வேலை. வயிற்றுப்போக்கு என்பாள் ஒருத்தி. நடவு வேலைக்குப் போனதால் பகலில் பால் கொடுக்கவில்லை என்பாள் மற்றொருத்தி. இரு குழந்தைகளின் எடையும் ஒன்றாகவே இருக்கலாம். காரணம் ஒன்றன்று, பரிகாரமும் ஒன்றன்று. பணியாளரைத் தேர்ந்தெடுத்த முறையும் இங்கே கவனிக்கத் தக்கது: அவர் அவ்வூரிலேயே குடியிருப்பவராக இருக்க வேண்டும், வறியவராயினும் தம் பிள்ளைகளை நன்கு வளர்த்தவராக இருத்தல் விரும்பப்பட்டது. அண்டை வீட்டாள் கேட்கும் கேள்வியில் விசாரணையின் வாடை குறைவு. அத்திட்டத்தால் கடுமையான ஊட்டக்குறைவு கணிசமாகக் குறைந்தது. மிதமான ஊட்டக்குறைவைக் குறைப்பதில் அத்தகைய வெற்றி கிட்டவில்லை. இதை நான் குறையாகக் கொள்ளவில்லை. வீட்டின் கூலியையும் நிலத்தையும் குடிநீரையும் சார்ந்த ஒரு நிலையை ஒரு பெண்ணின் தராசு மட்டும் மாற்றிவிடும் என்று எதிர்பார்ப்பது, லாம்பெத் பெண்களிடம் கஞ்சியைப் பரிந்துரைத்ததற்கு ஒப்பாகும்.

இனி, நம் கிராமச் செவிலியர் நுழையும் வீட்டின் உள்ளமைப்பைச் சற்று நோக்க வேண்டும். அங்கே தாய் தனித்து முடிவு செய்பவள் அல்லள். பிறந்தவுடன் குழந்தையின் நாவில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைக்கும் 'சேனை' வழக்கத்தை எடுத்துக்கொள்வோம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வேறெதுவும் கூடாது என்று தாயிடம் நூறு முறை சொன்னாலும், சேனை வைப்பவர் குடும்பத்தின் மூத்தவர். அவருடைய குணம் குழந்தைக்கு வரும் என்னும் நம்பிக்கையால் அது ஒரு மரியாதையும் ஆகிறது. இதை மூடப்பழக்கம் என்று கடிந்து பேசும் செவிலியருக்கு அவ்வீட்டில் அடுத்த முறை திண்ணையோடு சரி. ஆச்சியின் அருகில் அமர்ந்து, அவர் எத்தனை பிள்ளை பெற்றார், எத்தனை தங்கின என்று கேட்டு, தங்காத பிள்ளைகளைப் பற்றி அவர் சொல்வதை முழுதும் கேட்ட பின்னர், வயிற்றுப்போக்கைப் பற்றிப் பேச்செடுக்கும் செவிலியருக்கோ அந்த ஆச்சியே துணையாகிறார். செவிலியரோடு கிராமங்களில் நடந்த எவரும் இவ்வேறுபாட்டைக் கண்டிருப்பர். 'நர்ஸம்மா' என்று ஊரார் அழைப்பதில் உத்தியோகமும் உறவும் ஒருங்கே அடங்கியிருக்கின்றன.

ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையிலேயே நிகழும் தமிழ்நாட்டில் இனி வீட்டு வருகை எதற்கு என்று வினவுவாருளர். வினா நியாயமானதே. ஆனால் மருத்துவமனை தாயைச் சில தினங்களில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. குழந்தையின் முதல் மாதம், அதாவது உயிருக்கு ஆபத்து மிகுந்த காலம், பெரும்பாலும் வீட்டிலேயே கழிகிறது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதியர், கிராமப் பெண்களுக்கே பயிற்சி அளித்து வீட்டிலேயே பச்சிளங்குழந்தையைக் கவனிக்கச் செய்து, அக்குழந்தைகளின் மரண விகிதத்தைப் பாதிக்கு மேல் குறைத்துக் காட்டிய ஆய்வு 1999-ல் லான்செட் இதழில் வெளிவந்தது. அதன் வழிவந்த தேசியத் திட்டம், மருத்துவமனையில் பிறந்த குழந்தையையும் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வீட்டில் சென்று காண வேண்டும் என்கிறது. மேலும், 2019-21 ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டோருள் ஏறத்தாழ நாலில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இரத்தச் சோகை இருந்தது. இவை பிரசவ அறையில் தீரும் நோய்கள் அல்ல. அடுப்பங்கரையிலும் கிணற்றடியிலும் விளைபவை.

காலம் போதாது என்பது அடுத்த ஆட்சேபம். சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. ஆயிரம் பேருக்கு ஆண்டில் பதினான்கு பிறப்பு என்று கொண்டால், 5,000 பேருள்ள பகுதியில் எழுபது குழந்தைகள். குழந்தைக்கு ஆறு வருகை வீதம் ஆண்டுக்கு 420, வாரத்துக்கு எட்டு. ஒரு செவிலியரால் இது இயலாத காரியமன்று. இயலாமற் செய்வது, கர்ப்பிணிப் பதிவு, உதவித்தொகை விண்ணப்பம், தடுப்பூசிக் கணக்கு என்று காகிதத்தில் ஒரு முறையும் கணினியில் ஒரு முறையுமாக அவர் எழுதித் தீர்க்க வேண்டிய எழுத்துவேலை. பதிவேட்டை நான் வெறுப்பவனல்லேன். ஹடர்ஸ்ஃபீல்டின் அனுபவம் பதிவின் அவசியத்தையே காட்டுகிறது. வருகைக்காகப் பதிவு என்றிருந்தது, பதிவுக்காக வருகை என்று ஆகிவிடுவதே என் கவலை. வருகையின் எண்ணிக்கைக்குக் கட்டம் இருக்கிறது. அவ்வீட்டில் சொல்லப்பட்டதற்குக் கட்டம் இல்லை.

இதன் விளைவு, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் நம் வழக்கத்தில் துலக்கமாகத் தெரிகிறது. புகுந்த வீட்டில் ஏழு மாதம் ஒரு செவிலியர் அப்பெண்ணைப் பார்க்கிறார். வளைகாப்பு முடிந்து அவள் பிறந்த ஊர் போனபின் வேறொரு செவிலியர். அவளுக்குத் தரப்பட்ட பதிவு எண் அவளோடு போகிறது. இரத்த அளவும் எடையும் போகின்றன. அவள் இரவில் சரியாக உண்பதில்லை என்பதும், அதற்குக் காரணம் வீட்டார் எல்லாரும் உண்டு முடித்த பின்னரே அவள் இலைக்கு வருவது என்பதும், முதல் செவிலியர் நான்காம் வருகையில் அறிந்துகொண்டவை. அவை எங்கும் போவதில்லை. இரு செவிலியரும் ஒரு முறை தொலைபேசியில் பேசிக்கொள்ள வேண்டும் என்று விதி செய்வதற்குச் செலவு ஏதுமில்லை. அப்பேச்சின் சாரத்தை எழுத, தாய்சேய் அட்டையில் நான்கு வரி வெற்றிடம் விட்டால் போதும். மூன்றாம் மாதம் பிள்ளையோடு அவள் புகுந்த வீடு திரும்பும்போது, முதல் செவிலியர் அவள் எந்த வேளையில் உண்கிறாள் என்று மறுபடியும் முதலிலிருந்து கண்டறிய வேண்டியிராது. இரண்டாம் செவிலியர் அந்நான்கு வரியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு நேரே மாமியாரிடம் போய் அமரலாம்.