இஞ்சிக் குடும்பத்தின் குரோமோசோம் வரலாறு

இஞ்சி, மஞ்சள், ஏலக்காய், சித்தரத்தை, மாங்காய் இஞ்சி ஆகியவை அடங்கிய தாவரக் குடும்பம் இஞ்சிக் குடும்பம். இதில் 50க்கும் மேற்பட்ட பேரினங்கள் உள்ளன. இனங்கள் ஏறத்தாழ 1,600.

1678 முதல் 1693 வரை வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ தொகுதிகளில் கேரளத்து இஞ்சியினச் செடிகள் படங்களுடன் இடம்பெற்றன. மஞ்சளுக்கு 1753இல் லின்னேயஸும் இஞ்சிக்கு 1807இல் ராஸ்கோவும் இன்றைய அறிவியல் பெயர்களைச் சூட்டினர். பூவையும் கிழங்கையும் பார்த்து வகைப்படுத்திய காலம் அது. செல்லுக்குள் நோக்கும் ஆய்வு இருபதாம் நூற்றாண்டில்தான் தொடங்கியது. டி. எஸ். ராகவனும் கே. ஆர். வெங்கடசுப்பனும் இக்குடும்பத்தின் குரோமோசோம்களைப் பற்றி 1943இல் வெளியிட்ட ஆய்வு இந்தியாவில் முன்னோடியானது. இதற்கு உரிய புகழ் இன்னும் சேரவில்லை.

இஞ்சிக்கு 22 குரோமோசோம்கள், ஏலக்காய்க்கு 48, மாங்காய் இஞ்சிக்கு 42. நாம் பயிரிடும் மஞ்சளுக்கோ 63. இது 21இன் மும்மடங்கு என்பதால் மஞ்சளை மும்மடியம் என்றே நெடுங்காலம் கருதினர். இந்திய மஞ்சள் இனங்களை ஆராய்ந்து 2007இல் வெளியான ஆய்வு அடிப்படை எண் 7 என்றது. அப்படியானால் மஞ்சள் ஒன்பது மடியம். எவ்வாறு கணக்கிட்டாலும் மடங்கு ஒற்றைப்படைதான். குன்றல் பகுப்பின்போது குரோமோசோம்கள் சரியாக இணைசேர முடியாமல் மகரந்தத்தில் பெரும்பகுதி மலடாகிறது. ஆகவே மஞ்சள் பூத்தாலும் விதை பிடிப்பது அரிது. 22 மட்டுமே கொண்ட இஞ்சியும் விதை தருவதில்லை. குன்றல் பகுப்புக் கோளாறுகள் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. தேனீக்களால் மகரந்தச் சேர்க்கை பெறும் ஏலக்காய் மட்டும் தாராளமாக விதை தந்து தலைமுறைதோறும் புதுக்கலப்பை உண்டாக்குகிறது.

விதையில்லாத பயிரில் வேறுபாட்டைக் காத்தது விதைக்கிழங்கு எடுத்துவைத்த உழவர் கைகளே. கடப்பா மாவட்டத்தின் மைதுகூர், டேக்கூர்ப்பேட்டை மஞ்சள் வகைகளும் குண்டூர்ப் பக்கத்துத் துக்கிராலா வகையும் இதற்குச் சான்று. ஊருக்கு ஊர் வெவ்வேறாக வந்த இந்த நாட்டு வகைகளில் ஒன்று கைவிடப்பட்டால், விதையிலிருந்து அதை மீட்க வழியில்லை. ஒரே மரபு கொண்ட கிழங்குகள் அடுத்தடுத்து நிற்கும் வயலில் கிழங்கழுகல் நோய் எளிதில் பரவும் என்பதால் இந்த இழப்பு உழவருக்கும் இழப்பே.

கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் இவ்வகைகளைத் திரட்டிப் பாதுகாத்து வருகிறது. அங்கு உருவான பிரபா, பிரதிபா ஆகிய இரு மஞ்சள் ரகங்களும், அரிதாகக் கிடைத்த விதைகளிலிருந்து வளர்ந்த நாற்றுகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவை.