பதினொரு நாள் பள்ளியும் முப்பத்தெட்டு எழுத்தும்



தம் வாழ்நாளில் பள்ளிக்கூடம் சென்றது பதினொரே நாள்தான் என்று சொல்லிக்கொண்ட ஒருவர், பின்னாளில் ஒரு நகரத்தை நிறுவினார், முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களைக் குடியேற்றினார், பல்கலைக்கழகம் தொடங்கினார், ஆங்கில மொழிக்கே புதிய நெடுங்கணக்கு ஒன்றை ஏற்படுத்தச் செய்தார். அவர்தாம் மோர்மன் திருச்சபையின் இரண்டாம் தலைவரான பிரிகாம் யங். இவரது வரலாற்றில் கல்வியாளராகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவை பல உள்ளன. போற்றத்தக்கவையும் உண்டு, பொறுக்க இயலாதவையும் உண்டு.

தச்சராகத் தொடங்கிய வாழ்க்கை

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், விட்டிங்காம் என்னும் சிற்றூரில், 1801ஆம் ஆண்டு சூன் 1ஆம் நாள் பிரிகாம் பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் ஒன்பதாமவர். குடும்பம் பின்னர் நியூயார்க் மாநிலத்துக் காட்டுப்பகுதிக்குக் குடிபெயர்ந்தது. மரம் வெட்டுவதும் நிலம் திருத்துவதுமே பிள்ளைகளின் அன்றாடப் பாடமாயின. அவருக்குப் பதினான்கு அகவையானபோது தாயார் காசநோயால் மறைந்தார். பதினாறாம் அகவையில், இனி உன் வாழ்க்கையை நீயே பார்த்துக்கொள் என்று தந்தையார் அனுப்பிவிட்டார். தச்சு வேலை, வண்ணப்பூச்சு, சன்னலுக்குக் கண்ணாடி பொருத்துதல் ஆகியவற்றைக் கற்று, கைத்தொழிலாலேயே பிழைத்தார்.

1830ஆம் ஆண்டு ஜோசப் ஸ்மித் என்பவர் அதே நியூயார்க் மாநிலத்தில் மோர்மன் நூலை வெளியிட்டுப் புதிய திருச்சபை ஒன்றை நிறுவினார். இன்று பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்று வழங்கப்படுவது அதுவே. பிரிகாம் அந்நூலை உடனே ஏற்றுவிடவில்லை. ஏறத்தாழ ஈராண்டுகள் ஆராய்ந்த பின்னரே 1832இல் திருமுழுக்குப் பெற்றார். 1835இல் பன்னிரு திருத்தூதர்களுள் ஒருவராக நியமிக்கப்பட்டார்.

துரத்தப்பட்ட மக்களின் வழிகாட்டி

மோர்மன்கள் சென்ற இடமெல்லாம் பகை சூழ்ந்தது. 1838இல் மிசூரி மாநில ஆளுநர், அவர்களை மாநிலத்தைவிட்டே விரட்ட வேண்டும், இல்லையேல் அழித்தொழிக்க வேண்டும் என்று ஆணையிட்டார். ஜோசப் ஸ்மித் சிறையில் இருந்த அக்குளிர்காலத்தில், ஏதிலிகளான மக்களை இல்லினாய்க்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு பிரிகாமின் தோளில் விழுந்தது. 1844ஆம் ஆண்டு சூன் 27ஆம் நாள், கார்த்தேஜ் நகரச் சிறையில் வெறிக்கும்பல் ஒன்று ஜோசப் ஸ்மித்தையும் அவர் தமையனாரையும் சுட்டுக் கொன்றது. அடுத்த தலைவர் யார் என்ற கேள்வியில் திருச்சபை பிளவுபட்டது. பெரும்பான்மையோர் பிரிகாமின் தலைமையில் அணிதிரண்டனர்.

1846ஆம் ஆண்டு பிப்ரவரியில் மக்கள் மிசிசிப்பி ஆற்றைக் கடந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார்கள். பயணத்தைப் பிரிகாம் நடத்திய முறையே நம் கவனத்திற்குரியது. மக்களைப் பத்து, ஐம்பது, நூறு என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தலைவரை அமர்த்தினார். முன்னே சென்றவர்கள் வழியில் நிலத்தை உழுது விதைத்தார்கள். அவ்விளைச்சல் தமக்கன்று, பின்னே வருபவர்களுக்கு! 1847ஆம் ஆண்டு சூலை 24ஆம் நாள், காய்ச்சலில் படுத்தபடியே பிரிகாம் உப்பு ஏரிப் பள்ளத்தாக்கை அடைந்தார். அவருக்கு முன்னரே அங்குச் சென்றவர்கள் ஓடையை மறித்து, இறுகிய மண்ணை நனைத்து, உருளைக்கிழங்கு நடத் தொடங்கியிருந்தார்கள். அவ்வறண்ட நிலத்தில்தான் சால்ட் லேக் நகரம் எழுந்தது.

முப்பத்தெட்டு எழுத்து

புதிய மண்ணில் இறங்கி மூவாண்டுகூட நிறையவில்லை. 1850ஆம் ஆண்டு பிப்ரவரியிலேயே டெசரட் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. பணமின்றி அது விரைவிலேயே மூடப்பட்டுப் பல்லாண்டுகள் கழித்து மீண்டும் திறக்கப்பட்டது. இன்றைய யூட்டா பல்கலைக்கழகம் அதன் வழித்தோன்றலே.

அப்பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவிடம் பிரிகாம் ஒரு பணியை ஒப்படைத்தார். ஆங்கிலத்தில் ஒலி ஒன்று, எழுத்து வேறொன்று. பிள்ளைகள் எழுத்துக்கூட்டுவதிலேயே ஆண்டுகளை வீணாக்குகிறார்கள். டென்மார்க்கிலிருந்தும் சுவீடனிலிருந்தும் வந்து குடியேறுவோருக்கோ அது பெருந்தொல்லை. ஆகவே ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்ற முறையில் புதிய நெடுங்கணக்கு வேண்டும் என்றார். சுருக்கெழுத்தில் வல்லவரான ஜார்ஜ் வாட் என்பவரின் துணையோடு, 1854இல் முப்பத்தெட்டு எழுத்துகள் கொண்ட டெசரட் நெடுங்கணக்கு உருவாயிற்று. 1868இல் சிறுவர்களுக்கான இரு பாடநூல்களும், 1869இல் மோர்மன் நூலும் அவ்வெழுத்தில் அச்சேறின.

முயற்சி தோற்றது. ஏன்? எழுத்துகளில் மேலே நீள்வதும் கீழே இறங்குவதும் இல்லாததால் சொற்கள் ஒரே தோற்றமாய்க் கண்ணுக்குத் தெரிந்தன. அச்சுச் செலவோ மிகுதி. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த எழுத்தைக் கற்ற குழந்தைக்கு அதற்கப்பால் படிக்க நூலில்லை! 1869இல் கண்டம் கடக்கும் இருப்புப்பாதை நிறைவுற்றதும், வழக்கமான எழுத்தில் அச்சான நூல்கள் கிழக்கிலிருந்து எளிதாக வந்து குவிந்தன. பிரிகாம் மறைந்ததும் அவ்வெழுத்தும் மறைந்தது. 2001இல் அது ஒருங்குறியில் இடம்பெற்றதால், இன்று கணினியில் மட்டும் உயிர்வாழ்கிறது.

குழந்தையின் இடர்ப்பாட்டை அவர் சரியாகவே கண்டார் என்பேன். ஆனால் எழுத்து என்பது ஒரு தலைவரின் ஆணையால் நிலைபெறுவதன்று. படிப்பவரும் எழுதுபவரும் பதிப்பிப்பவரும் சேர்ந்து சுமப்பது.

இருண்ட பக்கங்கள்

இவ்வளவோடு நிறுத்திவிட்டால் இது வரலாறாகாது, புகழுரையாகிவிடும்.

1852இல், கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் கிடையாது என்று பிரிகாம் அறிவித்தார். ஜோசப் ஸ்மித் காலத்திலேயே எலைஜா ஏபெல் என்ற கறுப்பினத்தவர் குருத்துவம் பெற்றிருந்தார் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அதே ஆண்டில், பிரிகாம் ஆளுநராக இருந்த யூட்டா ஆட்புலத்தில் அடிமைமுறைக்குச் சட்டம் இடமளித்தது. அந்தக் குருத்துவத் தடை நீங்க 1978 வரை, நூற்று இருபத்தாறு ஆண்டுகள் ஆயின. தடைக்கு முன்னாளில் கூறப்பட்ட காரணங்களை அத்திருச்சபையே 2013இல் மறுத்து எழுதியது.

1857ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள், அமெரிக்கப் படை வருகிறது என்ற அச்சம் நிலவிய வேளையில், தெற்கு யூட்டாவின் மவுண்டன் மெடோஸ் என்னுமிடத்தில் மோர்மன் ஊர்ப்படையினர், பையூட் பழங்குடியினர் சிலருடன் சேர்ந்து, வழிப்போக்கர்களாகிய ஏறத்தாழ நூற்று இருபது பேரைக் கொன்றனர். பதினேழு சிறு குழந்தைகள் மட்டுமே எஞ்சினர். அவர்களை வழிவிட்டு அனுப்புங்கள் என்ற பிரிகாமின் மடல் இரண்டு நாள் தாமதமாக வந்து சேர்ந்தது. அவர் ஆணையிட்டதற்குச் சான்றில்லை என்பதே வரலாற்றறிஞர் பலரின் முடிவு. ஆயினும் அவரது அனல் பறக்கும் பேச்சுகள் அச்சூழலை வளர்த்தன என்பதையும் அவர்களே குறிப்பிடுகின்றனர். தண்டிக்கப்பட்டவர் ஒரே ஒருவர். அதுவும் இருபது ஆண்டுகள் கழித்து.

பலதார மணத்தைப் பொறுத்தமட்டில், ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் அவரோடு மணவுறவில் இணைக்கப்பட்டனர். பிள்ளைகள் 57 பேர். அவ்வழக்கத்தைத் திருச்சபை 1890இல்தான் கைவிட்டது.

கல்வியிலும் ஒரு முரண் உண்டு. பள்ளிகளை விரும்பிய அவர், வரிப்பணத்தில் இலவசப் பள்ளி நடத்துவதை எதிர்த்தார். கட்டணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளையின் நிலை என்ன? பதினொரு நாளோடு பள்ளியை இழந்த ஒருவர் இதை எண்ணியிருக்க வேண்டாமா?

நாம் சொல்ல வேண்டியது

1875இல் புரோவோ நகரில் தம் பெயரில் ஒரு கல்விக்கழகம் நிறுவினார். மறு ஆண்டு அதன் தலைமையாசிரியராக வந்தவர், செருமனியின் டிரெஸ்டன் நகர ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற கார்ல் மேசர். இன்று அக்கழகம் பிரிகாம் யங் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. பதினொரு நாள் பள்ளி சென்றவர், பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியரைத் தேடி அமர்த்தினார் என்பது ஆசிரியர்களாகிய நமக்குப் பெருமை தரும் செய்தி. 1877ஆம் ஆண்டு ஆகத்து 29ஆம் நாள் பிரிகாம் இயற்கை எய்தினார்.

இவ்வாழ்க்கையைப் படிக்கையில் எனக்கு ஒன்று தெளிவாகிறது. கரட்டு நிலமும் ஓடை நீரும் பிரிகாமுக்கு மறுமொழி கூறின. விதை முளைக்காவிட்டால் அவர் திட்டத்தை மாற்றித்தான் ஆகவேண்டும். ஆனால் மனிதர்கள் அவருக்கு மறுமொழி கூறத் தயங்கினர். அவர் மறுப்பைக் கேட்டுப் பழகிய இடங்களில் நாடு வளர்ந்தது. கேளாத இடங்களில் பிறர் துன்புற்றனர்.

நம் வகுப்பறைகளில் சான்றோர் வரலாறு கற்பிக்கும்போது, அவர் நல்லவரா கெட்டவரா என்று பிள்ளைகள் கேட்பது இயல்பு. ஒரே சொல்லில் விடை தந்து அமர்த்திவிட வேண்டா. பின்னே வருபவர்களுக்காக வழியில் விதைத்ததையும் சொல்வோம். நூற்று இருபத்தாறு ஆண்டுகள் வாயிலிலேயே நிறுத்தப்பட்டவர்களையும் சொல்வோம். இரண்டையும் கேட்ட பிள்ளை தானே எண்ணத் தொடங்கும். பெற்றோர்களும் வீட்டில் இவ்வழக்கத்தைத் தொடர்ந்தால் நன்று.