மைலுக்கு எத்தனை பை?

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை மெட்ராஸ் ரயில்வேயின் முதல் வண்டி ஓடியது. தண்டவாளம் போடுவதும் பாலம் கட்டுவதும் இங்கிலாந்தில் தேர்ந்து வந்த பொறியாளர்களுக்குத் தெரிந்த வித்தை. ஓர் ஆளை ஒரு மைல் ஏற்றிச் செல்ல என்ன வாங்கலாம், ஒரு மூட்டை அரிசிக்கு என்ன கூலி என்பதற்குத்தான் இந்த மண்ணில் முன்பாடம் இல்லை. அதுவரை இங்கே இருந்தது வண்டிச் சத்தம், அதாவது வண்டிக் கூலிதான். அது ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் மாறும். உழவு நாளில் மாடு கிடைக்காது. மழை நாளில் வண்டி நகராது. இரண்டுக்கும் ஏற்றபடி பேரம் நடக்கும். ரயில் வந்ததும் அந்தப் பேரம் போய் அச்சடித்த கட்டணப் பட்டியல் வந்தது. ஏழைக்கும் செல்வனுக்கும் ஒரே விலை, பேச்சுக்கு இடமில்லை என்பதால் அது நேர்மையான ஏற்பாடாகத் தோன்றும். ஆனால் பட்டியலுக்குள் புகுந்து பார்த்தால் பேரம் ஒழியவில்லை என்பது தெரிகிறது. வேறு வழி வைத்திருந்தவரோடு கம்பெனி பேரம் பேசியது; வழியற்றவரிடம் பட்டியலை நீட்டியது. காலனி கால ரயில் கட்டணத்தின் வரலாறு முழுவதையும் இந்த ஒரு வேறுபாட்டை வைத்து விளக்கிவிடலாம் என்றே நினைக்கிறேன்.

முதலில் முதலீட்டின் கதை. 1849இல் கிழக்கிந்தியக் கம்பெனி இரண்டு ரயில் கம்பெனிகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. பின்னால் வந்த மெட்ராஸ் கம்பெனிக்கும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். நிலம் இலவசம், 99 ஆண்டு குத்தகை. லண்டனில் பங்கு வாங்கியவர்களுக்குப் பெரும்பாலும் 5 சதவீத வட்டி உறுதி. வருமானம் அதற்குக் குறைந்தால் மிச்சத்தை இந்திய வரிப்பணத்திலிருந்து சர்க்கார் கட்டும். கூடினால் கூடுதலில் பாதி கம்பெனிக்கு. இந்த நிபந்தனை கட்டணம் போடுகிறவரின் மனதை எப்படி மாற்றும் என்று யோசித்துப் பாருங்கள். கட்டணத்தைக் குறைத்தால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் பெட்டி கூட வேண்டும், எஞ்சின் கூட வேண்டும், ஆள் கூட வேண்டும். அத்தனை பாடுபட்டாலும் வருமானம் 5 சதவீதத்தைத் தாண்டுமா என்பது சந்தேகம். குறைக்காமல் இருந்தாலோ ஒரு நஷ்டமும் இல்லை, வட்டி தானாக வந்துசேரும். இந்த நிலையில் கட்டணத்தைக் குறைத்துப் பார்க்க எந்த மேலாளருக்குத் துணிவு வரும்? இந்தியாவின் நிதி உறுப்பினராக இருந்த மாஸி, 1872இல் பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னபோது இதை ஒளிக்கவில்லை. வட்டி உறுதியான பிறகு, தான் கொடுத்த பணம் ஹூக்ளி ஆற்றில் கொட்டப்பட்டாலும் செங்கல் சுண்ணாம்பாக மாறினாலும் முதலீட்டாளருக்குக் கவலை இல்லை என்பது அவர் சாட்சியத்தின் சாரம். கட்டணத்துக்குச் சர்க்காரின் ஒப்புதல் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது உண்மை. ஆனால் யோசித்து விலை வைப்பது கம்பெனியின் வேலை. சர்க்காருக்கு மிஞ்சியது தலையசைப்பதும் தயங்குவதும்தான்.

இதே காலத்தில் காவிரியிலும் கோதாவரியிலும் அணை கட்டிய ஆர்தர் காட்டன், ரயிலுக்கு எதிராகத் தளராமல் வாதாடிவந்தார். இந்த நாட்டு விளைபொருளுக்குத் தேவை வேகம் அல்ல, மலிவு. அதற்கு நீர்வழிதான் தக்கது என்பது அவர் கட்சி. வறண்ட மேட்டு நிலத்தில் கால்வாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அவரால் நிறைவான விடை சொல்ல முடியவில்லை. ஆனாலும் அவர் கேட்ட கேள்வி சரியானது. ஒரு டன் சரக்கை ஒரு மைல் கொண்டுபோக என்ன செலவு, அதில் உழவர் தலையில் விழுவது எவ்வளவு என்று கணக்குக் கேட்ட அதிகாரிகள் அந்தக் காலத்தில் மிகச் சிலரே.

பயணிகள் கட்டணத்துக்கு வருவோம். ரயில் போட்டவர்கள் சரக்கையே நம்பினார்கள். இந்த நாட்டு மக்கள் அதிகம் பயணம் செய்வார்கள் என்று அவர்கள் எண்ணவில்லை. கூட்டம் அந்தக் கணிப்பைப் பொய்யாக்கியது. பயணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் கடைசி வகுப்பில் போனவர்கள். திருவரங்கம், மதுரை, ராமேசுவரம், கும்பகோணம் என்று கோயில் ஊர்களைக் கோத்துச் சென்ற தென்னிந்திய ரயில்வேக்கு யாத்திரைக் கூட்டமே பெரிய வருமானம். 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் மூன்றாம் வகுப்புக்கு மைலுக்குச் சுமார் இரண்டரைப் பை என்பது பரவலான விலை. ரூபாய்க்குப் 16 அணா, அணாவுக்கு 12 பை. சென்னையிலிருந்து விழுப்புரம் ஏறத்தாழ நூறு மைல். இந்த விலையில் கணக்குப் போட்டால் 250 பை, அதாவது 1 ரூபாய் 4 அணா 10 பை. அன்றைய சென்னை மாகாணத்தில் பண்ணைக் கூலி நாளுக்கு இரண்டு மூன்று அணா. ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் வரையிலான உழைப்பைக் கொடுத்தால்தான் ஒரு பக்கப் பயணம். இங்கிலாந்துக் கட்டணத்தோடு ஒப்பிட்டு இதை உலக மலிவு என்று அதிகாரிகள் எழுதினார்கள். பையைப் பென்னியாக மாற்றிய அவர்கள், கூலியை அப்படி மாற்றிப் பார்க்கவில்லை. இந்திய ரயில்வேக்களை ஆராய அனுப்பப்பட்ட தாமஸ் ராபர்ட்சன்தான் 1903 அறிக்கையில், மக்களின் வருமானத்தோடு வைத்துப் பார்த்தால் இந்தக் கட்டணம் மலிவல்ல என்று எழுதினார்.

மலிவோ விலையோ, கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வியும் உண்டு. 1870களில் சில பாதைகளில் பலகை இருக்கைகூட இல்லாத நான்காம் வகுப்பு ஓடியது. நீண்ட தொலைவு போகும் வண்டிகளில்கூடப் பல பத்தாண்டுகள் கடைநிலை வகுப்பில் கழிப்பறை இல்லை. 1917இல் காந்தி மூன்றாம் வகுப்புப் பயணம் பற்றிப் பத்திரிகைகளுக்கு எழுதிய கடிதத்தில், பம்பாயிலிருந்து சென்னைக்கு மெயில் வண்டியில் 13 ரூபாய் 9 அணா கொடுத்து வந்ததைக் குறிப்பிடுகிறார். முதல் வகுப்புக் கட்டணம் இதைப்போல ஐந்து மடங்குக்கு மேல். மூன்றாம் வகுப்பாருக்கு அந்த வசதியில் ஐந்தில் ஒன்றாவது, பத்தில் ஒன்றாவது கிடைக்கிறதா என்பது அவர் கேள்வி. நெருக்கி அடைத்த மூன்றாம் வகுப்புப் பெட்டி ஈட்டியது அதிகம். ஓரிருவர் சாய்ந்து படுத்துச் சென்ற முதல் வகுப்புப் பெட்டி ஈட்டியது குறைவு. ஆனாலும் வசதி முதல் வகுப்புக்கே போனதற்குக் காரணம் அதே பேரம்தான். முதல் வகுப்புப் பயணி கூச்சலிட்டால் அது லண்டன் வரை கேட்கும். யாத்திரைக்காரருக்கோ மாற்று வழி கால்நடையாகப் போவது மட்டுமே.

சரக்குக் கூலியில் இந்தப் பேரம் இன்னும் துல்லியமாகத் தெரிகிறது. 1880களில் டெல்லி, ஆக்ரா பக்கத்துக் கோதுமையையும் பருத்தியையும் கல்கத்தாவுக்கு இழுப்பதா பம்பாய்க்கு இழுப்பதா என்று கம்பெனிகள் போட்டியிட்டுக் கூலியை வெட்டின. இதை வரம்புக்குள் கொண்டுவர, 1887 டிசம்பரில் இந்திய சர்க்கார் ஒரு தீர்மானம் வெளியிட்டது: உச்சவரம்பும் அடிவரம்பும் சர்க்கார் வைக்கும், நடுவில் கம்பெனி இஷ்டம்போல் வைத்துக்கொள்ளலாம். அதையொட்டி எழுந்த அட்டவணையில் சரக்கு ஐந்து வகுப்பாயிற்று. மைலுக்கு மணங்குக்கு மூன்றிலொரு பை தொடங்கி ஒரு பை வரை உச்சவரம்பு. அடிவரம்பு பத்திலொரு பை. மணங்கு என்றால் நம் சந்தை மணங்கு அல்ல. ஏறத்தாழ 37 கிலோ கொண்ட வங்காள மணங்கு. சென்னை மணங்கு அதில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. தஞ்சாவூர் நெல் வியாபாரி பட்டியலைப் படிப்பதற்கு முன் இந்தப் பெருக்கலைப் போட்டாக வேண்டும். இரண்டு மணங்கு கொண்ட ஒரு அரிசி மூட்டை விழுப்புரத்திலிருந்து சென்னைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். தானியம் இருந்த மலிவு வகுப்பின் உச்சவரம்பில் கூலி சுமார் ஐந்தரை அணா. அடிவரம்பில் 1 அணா 8 பை. ஒரே மூட்டை, ஒரே பாதை, ஒரே எஞ்சின். மூன்று மடங்குக்கு மேற்பட்ட இந்த இடைவெளியில் எங்கே நிற்பது என்று தீர்மானித்தவர் கம்பெனியின் சரக்குப் போக்குவரத்து அதிகாரி. சர்க்கார் வரம்பு வைத்துவிட்டது, ஆகவே தான்தோன்றித்தனம் இல்லை என்று வாதிடுவோருக்கு இந்தக் கணக்கே பதில்.

அந்த அதிகாரி எதைப் பார்த்து முடிவு செய்தார்? சரக்கு தாங்கக்கூடிய அளவு வாங்கு என்பது அக்கால ரயில் தொழிலின் வேதம். துறைமுகத்துக்குப் போகும் பருத்தி ஒரு துறைமுகம் இல்லாவிட்டால் மற்றொன்றுக்குப் போகும். அதனால் அதற்குக் குறைந்த கூலி. துறைமுகத்திலிருந்து உள்நாடு ஏறும் துணிக்கும் அப்படியே. உள்நாட்டு ஊர் ஒன்றிலிருந்து இன்னோர் உள்நாட்டு ஊருக்குப் போகும் சரக்கோ அந்தப் பாதையை விட்டால் மாட்டுவண்டியைத்தான் நாட வேண்டும். மைல் கணக்கில் பார்த்தால் அதுவே கூடக் கொடுத்தது. இதற்கு மேல் தடுப்புக் கூலி என்று ஒன்று. தன் பாதையில் ஏறிய சரக்கு சிறிது தூரம் போய், ஒரு சந்திப்பில் போட்டிக் கம்பெனியின் பாதைக்கு மாறிவிடும் என்றால், அந்தச் சிறு தூரத்துக்கே கனத்த கூலி வைத்துவிடுவார்கள். சரக்கு வேறு வழியின்றிக் கம்பெனியின் சொந்தத் துறைமுகம்வரை நெடுந்தூரம் போகும். இல்லாத இடத்திலும் ஏகபோகத்தை உண்டாக்கிய சூழ்ச்சி இது. ரிஸ்க் நோட்டும் இதோடு சேர்ந்தது. குறைந்த கூலி வேண்டுமானால் வியாபாரி ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திட்ட பிறகு பத்து மூட்டையில் ஒரு மூட்டை முழுதாகக் காணாமல் போய், அது ஊழியரின் திருட்டாலோ வேண்டுமென்றே செய்த அலட்சியத்தாலோ என்று நிரூபித்தால்தான் நஷ்டஈடு. மூட்டை கிழிந்து பாதி அரிசி கொட்டியிருந்தால் ஒன்றுமில்லை. கையெழுத்திடாத வியாபாரிக்கு முழுக்கூலி. சிறு வியாபாரி கையெழுத்திட்டார்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். இத்தனை குறை சொன்னாலும் ரயில் கூலி பழைய கூலியை அடியோடு சாய்த்துவிட்டதே என்பார்கள். உண்மைதான். பொருளாதார வரலாற்றாசிரியர் ஜான் ஹர்ட் போட்ட கணக்கின்படி, 1930 வாக்கில் ரயில் கூலி, பழைய பொதிமாட்டுக் கூலியில் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. ஊருக்கு ஊர் தானிய விலை நெருங்கி வந்தது; ஓர் ஊரின் பஞ்சத்துக்கு இன்னோர் ஊரின் தானியம் போய்ச் சேர வழி திறந்தது. இதை மறுப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. ஆனால் கூலி விழுந்ததா என்பதோடு கேள்வி முடியவில்லை. விழுந்ததன் பலன் யாருக்கு எவ்வளவு என்பது தனிக் கேள்வி. 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் ரயில் சென்னை மாகாணத்துக்குள் தானியம் கொண்டுவந்தது. அதே ஆண்டுகளில் இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானிய ஏற்றுமதியும் நடந்தது. தண்டவாளம் இரு திசையிலும் ஓடும். எந்தத் திசையில் சரக்கு எளிதாகச் சரியும் என்பதைக் கூலிப் பட்டியலும் சேர்ந்தே தீர்மானித்தது.

இன்னொரு மறுப்பு இதைவிட நுட்பமானது. துறைமுகக் கூலி குறைந்ததற்குக் காரணம் ஏகாதிபத்தியச் சதி அல்ல. முழு வண்டி நிறையும் சரக்கு, நெடுந்தூரம், போட்டி ஆகிய மூன்றும் எந்த நாட்டு ரயிலிலும் கூலியைக் குறைக்கும் என்பது அது. இதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். சதி இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பாதைகள் துறைமுகத்தை மையமாக வைத்தே போடப்பட்டதால்தான் நெடுந்தூரச் சரக்கும் போட்டியும் அங்கே குவிந்தன. நாட்டுப் பணத்தில் உருவான ஏற்பாட்டை இயற்கை விதிபோல் காட்டி, பிறகு அந்த விதிக்குக் கட்டுப்பட்டதாகச் சொல்வது வாதமாகாது. ‘சுதேசமித்திரன்’ ஜி. சுப்பிரமணிய ஐயர் போன்றவர்கள் ரயில் அந்நிய வாணிபத்துக்கே துணைபோகிறது என்று எழுதியபோது அரசியல் பேசுகிறார்கள் என்று ஒதுக்கினார்கள். சர்க்காரே அமைத்த, தாமஸ் ஹாலண்ட் தலைமையிலான தொழில் ஆணையம் 1918இல் ஏறத்தாழ அதையே சொன்னது. ஒரே வகைச் சரக்கு ஒரே தூரம் போனால், துறைமுகத்துக்குக் கிடைக்கும் கூலியே இயன்றவரை உள்நாட்டுக்கும் கிடைக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது.

ஆக, முறையிட ஓர் இடம் வேண்டும். 1890 ரயில்வே சட்டம் ஒருவருக்குச் சலுகை, மற்றவருக்குப் பாதகம் கூடாது என்று தடை எழுதியது. தீர்த்துவைக்க, ஒரு சட்ட வல்லுநரும் வேறு இருவரும் கொண்ட ஆணையம் அமைக்கலாம் என்றும் சொன்னது. அந்த ஏற்பாடு ஏட்டோடு நின்றது. ஒரு மூட்டைக்கு மூன்று அணா அதிகம் கொடுத்த வியாபாரி எந்த ஆணையத்தைக் கூட்டுவார்? அதற்குள் பெரிய பாதைகளைச் சர்க்காரே விலைக்கு வாங்கி, பெரும்பாலும் பழைய கம்பெனிகளிடமே நடத்தக் கொடுத்திருந்தது. கட்டண வருமானம் சர்க்கார் கஜானாவுக்கு. கட்டணத்தின் நியாயத்தைத் தீர்மானிப்பதும் சர்க்கார். 1921இல், இந்திய ரயில்வேக்களை ஆராய அமைந்த அக்வர்த் குழு கட்டண வழக்குகளுக்குத் தனித் தீர்ப்பாயம் கேட்டது. 1926இல் வந்ததோ ஆலோசனைக் குழு. அதன் சொல் யாரையும் கட்டுப்படுத்தவில்லை. கட்டுப்படுத்தும் அதிகாரமுள்ள ரயில்வே கட்டணத் தீர்ப்பாயம் விடுதலைக்குப் பிறகு, 1949இல்தான் பிறந்தது. அதன் தலைமையிடம் சென்னையில் அமைந்தது. சரக்கு அனுப்புகிறவர்களுக்கு அங்கே கதவு திறந்தது. பயணிகள் கட்டணத்தை நிர்ணயிப்பது அந்தத் தீர்ப்பாயத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்று 1989 ரயில்வே சட்டத்தின் 37ஆம் பிரிவு சொன்னது.