மட்டிக்கு இருந்த சட்டமும் மாந்தர்க்கு இல்லாத சட்டமும்

வரலாறு என்றவுடன் முடிமன்னர்களின் படையெடுப்புகளும் உடன்படிக்கைகளுமே மாணவர்களின் நினைவுக்கு வருகின்றன. கூலிக்கு உழைத்து மாண்டுபோன எளியோரின் கதைக்குப் பாடநூல்களில் இடம் கிடைப்பது அரிது. ஆயினும் ஒரு நாட்டின் சட்டம் யாரைக் காத்தது, யாரைக் கைவிட்டது என்பதை அறிய அத்தகைய கதைகளே துணை செய்கின்றன. 2004ஆம் ஆண்டு இங்கிலாந்து நாட்டுக் கடற்கரையில் நிகழ்ந்த ஒரு துயர வரலாற்றை, நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலர் வாயிலாக இளைஞர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் மோர்கம் விரிகுடா என்னும் பகுதி உள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ 310 சதுரக் கிலோமீட்டர். கடல் வற்றும் வேளையில் அங்கே கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை மணல்வெளியே காணப்படும். கடல் ஏறும் வேளையிலோ அவ்வெளி முழுவதும் நீரில் மூழ்கிவிடும். பெரிய ஓதக் காலங்களில் நீர்மட்டம் 10 மீட்டர் அளவுக்கு உயர்வதுண்டு. நீர் முன்புறமிருந்து மட்டும் வருவதில்லை. மணலிடையே உள்ள ஓடைகளின் வழியே பின்புறமாகவும் வந்து மனிதரைச் சூழ்ந்துகொள்ளும். ஆங்காங்கே புதைமணலும் உண்டு. 1857ஆம் ஆண்டில் இருப்புப் பாதை அமையும் முன்னர், பயணிகள் இம்மணலைக் கடந்தே அக்கரை சென்றனர். அவர்களுக்கு வழிகாட்டுவதற்கென்றே 16ஆம் நூற்றாண்டு முதல் ஒருவர் முறைப்படி நியமிக்கப்பட்டு வந்தார். அவ்வளவு ஆபத்தான இடம் அது.

அம்மணலின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே ‘காக்கிள்’ எனப்படும் சிறு மட்டிகள் புதைந்து கிடக்கும். ஈரமணலின்மேல் ஒரு பலகையை வைத்து முன்னும் பின்னுமாக ஆட்டினால் அவை மேலே வரும். அவற்றை வாருகோலால் வாரி, சல்லடையில் சலித்து, சாக்கில் கட்டுவர். குளிர்காற்றில் குனிந்த முதுகு நிமிராமல் செய்ய வேண்டிய கடுந்தொழில் அது.

இத்தொழில் பற்றிய சட்டத்தையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். ஓதம் ஏறி இறங்கும் கரையில் மீனும் மட்டியும் எடுப்பது மக்கள் அனைவருக்கும் உரியது என்பது இங்கிலாந்தின் பழைய பொதுச்சட்டம். ஆனால் எல்லோரும் வரம்பின்றி அள்ளினால் வளம் அழியும் அன்றோ? ஆகவே 1888ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்கீழ், கரையோர வட்டாரங்களில் கடல்மீன்வளக் குழுக்கள் தோன்றின. எந்தக் கருவியைப் பயன்படுத்தலாம், எந்த அளவுக்குக் குறைந்ததை எடுக்கலாகாது, எந்தப் படுகையை எப்போது மூடுவது என்பனவற்றை அக்குழுக்கள் விதிகளாக வகுத்தன. 20 மில்லிமீட்டர் சதுரத் துளையின் வழியே நழுவிவிடும் சிறு மட்டியை மீண்டும் மணலிலேயே விட்டுவிட வேண்டும் என்பது இப்பகுதியின் விதி. 2003ஆம் ஆண்டின் பிற்பகுதியில், மட்டி வாருவோர் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்ற முறையும் வந்தது. இவை யாவும் நல்ல விதிகளே.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மட்டியின் அளவை மில்லிமீட்டர் கணக்கில் வரையறுத்த சட்டம், அதை வாரும் மனிதனைப் பற்றி என்ன கூறியது? அவனை அழைத்து வந்தவர் யார்? அவனுக்குரிய கூலி என்ன? ஓதம் ஏறும் நேரத்தை அவனுக்குக் கூற வேண்டியவர் யார்? இவற்றைக் கண்காணித்து, ஆள் கூட்டி வருவோருக்கு உரிமம் வழங்கும் சட்டம் அன்று அந்நாட்டில் இல்லை.

இந்த இடைவெளியில்தான் சீன நாட்டின் ஃபூஜியன் மாநிலத்து ஏழைகள் வந்து விழுந்தனர். தரகர்களுக்குப் பெருந்தொகை கொடுப்பதற்காக ஊரில் கடன் வாங்கி, உரிய குடியேற்ற ஆவணம் இன்றி வந்தவர்கள் அவர்கள். ஆவணம் இல்லாதவன் காவலரிடம் முறையிட முடியாது. கடன்பட்டவன் வேலையை விட்டு விலக முடியாது. அவர்களைத் திரட்டிக் கடலுக்குள் அனுப்பிய மேலாளை அந்நாட்டில் ‘கேங்மாஸ்டர்’ என்பர். நம் முன்னோர் அறிந்த கங்காணி என்னும் சொல்லே அதற்குப் பொருத்தமானது. 25 கிலோ மட்டிக்கு அவர்களுக்குக் கிடைத்த கூலி 5 பவுன். உள்ளூர்த் தொழிலாளர் பெற்றதைவிட அது மிகக் குறைவு.

2004ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள். மாலை இருள் சூழ்ந்த வேளையில் உள்ளூர் மட்டித் தொழிலாளர் கரை திரும்பிக்கொண்டிருந்தனர். சீனத் தொழிலாளர் இன்னும் மணலில் இருப்பதைக் கண்டு, தம் கைக்கடிகாரங்களைத் தட்டிக் காட்டி, நேரமாயிற்று என்று எச்சரிக்க முயன்றனர். ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியவில்லை. இரவில் ஓதம் ஏறிற்று. திசை தெரியாமல் அவர்கள் நீரில் சிக்கினர். கடுங்குளிர் நீரில் ஆணும் பெண்ணுமாக மாண்டவர்களின் 21 உடல்கள் மீட்கப்பட்டன. வேறு இருவரும் கடலில் மாண்டனர் என்றே கொள்ளப்பட்டது. உயிர்கள் போயின, ஊரில் வாங்கிய கடனோ போகவில்லை. அது அவர்தம் குடும்பத்தார் தலையில் விழுந்தது.

கங்காணியான லின் லியாங் ரென் என்பவனுக்கு 2006ஆம் ஆண்டில் 14 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 21 பேருக்கு மரணம் விளைவித்த குற்றம் அவன்மீது மெய்ப்பிக்கப்பட்டது. அதற்கு முன்னரே நாடாளுமன்றம் விழித்துக்கொண்டது. ஆள் கூட்டும் மேலாட்களுக்கு உரிமம் வேண்டும் என்று ஜிம் ஷெரிடன் என்ற உறுப்பினர் கொண்டுவந்த தனி மசோதா, 2004ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சட்டமாயிற்று. வேளாண்மைக்கும் மட்டி சேகரிப்புக்கும் உரிமமின்றி ஆள் அனுப்புவோருக்குப் பத்தாண்டு வரை சிறை என அச்சட்டம் கூறியது. 2005ஆம் ஆண்டில் அதற்கென ஓர் ஆணையமும் நிறுவப்பட்டது. மட்டிக்கான சட்டம் 1888இல் வந்தது. மட்டி வாரும் மனிதனுக்கான சட்டம் வர மேலும் 116 ஆண்டுகள் ஆயின. அதுவும் பிணங்கள் கரை ஒதுங்கிய பின்னரே விரைந்து நிறைவேறிற்று.

இக்கதை நமக்குப் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் அழைத்துச் சென்ற தமிழ்த் தொழிலாளருள் பெரும்பகுதியினர் நம்மைப்போன்ற ஒடுக்கப்பட்ட வகுப்பினரே. ‘துண்டு’ என்றொரு சீட்டு அங்கே வழங்கியது. கங்காணிக்கும் அவன்கீழ் உள்ள ஆட்களுக்கும் உரிய கடன் அதில் எழுதப்பட்டிருக்கும். அக்கடனைத் தீர்த்தால்தான் வேறு தோட்டத்திற்குச் செல்ல இயலும். தம்மைக் கட்டிவைத்த அச்சீட்டைப் படித்தறியும் எழுத்தறிவு நம் பாட்டன்மார் பலருக்கு இல்லை. 1921ஆம் ஆண்டில் அத்துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

துண்டு ஒழிந்ததேயன்றி, படிக்காமல் ஒப்பமிடும் வழக்கம் நம்மை விட்டு இன்னும் ஒழியவில்லை. என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் வெளிநாட்டு வேலைக்கென்று சான்றிதழ் நகல் கேட்டு என்னைக் காண வந்தான். அவன் கையில் ஓர் ஒப்பந்தத் தாள் இருந்தது.

“இதில் என்ன எழுதியிருக்கிறது, தம்பி?” என்று கேட்டேன்.

“ஏஜென்ட் எல்லாம் சொல்லிட்டாருங்க, சார்,” என்றான்.

அவனை அமரச் செய்து, வரி வரியாகப் படித்துப் பார்த்தோம். சம்பளத் தொகை எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அதன் கீழே அவனுடைய கையொப்பம் இருந்தது. பத்தாண்டுகள் அவனுக்குப் பாடம் சொன்ன பள்ளியின் தலைமையாசிரியன் என்ற முறையில் அன்று நான் வெட்கமுற்றேன்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்போர் அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்று நம் நாட்டில் 1983ஆம் ஆண்டிலேயே குடிபெயர்வுச் சட்டம் இயற்றப்பட்டது. அதை அறிந்து கேட்பவனுக்கே அச்சட்டம் துணையாகும். எனவே இளைஞர்களே, கடல் கடந்து செல்லுங்கள், அதில் தவறில்லை. ஆனால் முகவரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஒப்பந்தத்தைப் படித்த பின்னரே ஒப்பமிடுங்கள். புரியாவிட்டால் கழகத்திற்குக் கொண்டு வாருங்கள். படித்துச் சொல்ல இங்கே ஆட்கள் உள்ளனர். செல்லும் நாட்டின் தொழிற்சட்டத்தையும், உதவி கேட்பதற்கு வேண்டிய நான்கு சொற்களையும் கற்றுக்கொண்டு புறப்படுங்கள்.

மோர்கம் மணலில் எச்சரிக்கை செய்ய மனிதர்கள் இருந்தனர். கடிகாரத்தையும் தட்டிக் காட்டினர். அதைப் புரிந்துகொள்ளும் வழிதான் அந்த ஏழைகளுக்கு யாராலும் அமைத்துத் தரப்படவில்லை. நம் பிள்ளைகளுக்கு அந்த வழியை அமைத்துத் தருவதே இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்து வரும் பணி. இனியும் செய்ய வேண்டிய பணி.